இராயப்பரின் மாமிக்கு வசனம் இல்லை

மாமியாரை முதியோர் இல்லத்துக்கு அனுப்ப நினைக்கும் சாதாரண மனிதன் அறைக் கதவைச் சாத்திவிட்டு, மனைவியிடம் குரலைத் தாழ்த்திப் பேசுவான். றெஜினோல்ட் அவர்கள் சாதாரண மனிதர் அல்லர். ஞாயிறு பூசை முடிந்த கையோடு, கோயிலுக்குள்ளேயே, மைக் பிடித்து அறிவித்தார்.

“எனது அன்புக்குரிய மாமியை, வருகிற திருவிழா முடிந்த மறுநாள், இறைவனின் பாதத்தில் காணிக்கையாக ஒப்புக்கொடுக்கத் தீர்மானித்திருக்கிறேன். நிலாவெளிப் பக்கம் கன்னியாஸ்திரிகள் நடத்தும் இல்லத்தில், கடற்காற்றும் செபமுமாக அவர் தமது இறுதிக் காலத்தைக் கழிப்பார்.”

சனம் “ஆமென்” என்றது. பெண்கள் பக்கத்து வாங்கில் இருந்த அந்த மாமி, செலஸ்ரினாவும் “ஆமென்” என்றாள். அந்தச் செய்தியை அவளும் அப்போதுதான் கேட்டாள். வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது. அதற்காகத் தன் வாயை அவள் கடைசிவரை மன்னிக்கவில்லை.

இறுதிக் காலமாம். அவள் காலையில் சந்தைக்கு நடந்து போய், மீனைத் தட்டிப் பார்த்து, விலை பேசி, வாங்கி, நடந்தே திரும்பி வருகிறவள். அவளுக்கு இருந்த ஒரே வருத்தம் மருமகன்தான்.

றெஜினோல்ட் அவர்களுக்குத் துறைமுகத்தில் ஒரு கப்பல் கம்பனியில் வேலை. கப்பலுக்கும் அவருக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. உள்ளே போகிறவர்களின் பாஸைப் பார்த்துத் தலையாட்டுவார். ஆனால் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையைக் குளிக்கும்போது மட்டும்தான் கழற்றுவார். புனித இராயப்பர் கோயில் பங்குச் சபைக்கு அவர் தலைவர். கோயில் நோட்டீசில் அவருடைய பெயருக்குப் பின்னால் ‘அவர்கள்’ இல்லாவிட்டால் நோட்டீஸ் மறுபடி அச்சடிக்கப்படும். ஆகையால் நாமும் போட்டுவிடுவோம். பெயரோடு ஒட்டிக்கொண்டு கிடந்துவிட்டுப் போகட்டும்.

இந்தப் பக்கத்தில் வீடு பெண்ணோடு போகும். மாப்பிள்ளை பெட்டியோடு வருவான். செலஸ்ரினாவுக்கு அவளுடைய அம்மா கொடுத்த வீட்டை அவள் தன் ஒரே மகள் பிறிஜிற்றுக்குக் கொடுத்தாள். முன் அறை யன்னலைத் திறந்தால் குடாவும் கப்பல்களும் தெரிகிற வீடு. றெஜினோல்ட் அவர்கள் ஒரு சூட்கேசோடு வந்தார். அதில் உருளுகிற சில்லு ஒன்று உடைந்திருந்தது. வந்த புதிதில் “உங்கட வீடு மாமி” என்றார். பிறகு அது “எங்கட வீடு” ஆனது. சுவரில் தன் படத்தைக் கண்ணாடி போட்டு மாட்டிய அன்றிலிருந்து அது “என்ர வீடு”.

முன் அறையைச் சுற்றுலா வருகிற வெள்ளைக்காரருக்கு வாடகைக்கு விட்டபோது செலஸ்ரினா குசினிக்குப் பக்கத்திலிருந்த சாமான் அறைக்குப் போனாள். இப்போது வெள்ளைக்காரரின் உடுப்புத் தோய்க்கும் மெசினுக்குச் சாமான் அறையும் தேவைப்பட்டது. மெசினை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுக்க ஏலாது. மாமியை ஒப்புக்கொடுக்கலாம்.

அன்று மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு அவள் நேரே போய்க் கேட்டாள். றெஜினோல்ட் அவர்கள் சாய்மனைக் கதிரையில் கிடந்து பல்லுக் குத்திக்கொண்டிருந்தார்.

“தம்பி, என்னட்ட ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே?”

“மாமி, ஆண்டவரே சிலுவையில தாயை யோவானிட்ட ஒப்படைச்சவர். ‘இதோ உன் தாய்’ எண்டு. அதைத்தான் நானும் செய்யிறன்.”

“அவர் சிலுவையில கிடந்து சொன்னவர் தம்பி. நீங்கள் சாய்மனைக் கதிரையில கிடந்து சொல்லுறியள்.”

குசினியில் ஒரு பாத்திரம் விழுந்தது. பிறிஜிற் சிரிப்பை அடக்க அதை வேண்டுமென்றே போட்டாள் என்று செலஸ்ரினா பிறகு நெடுநாள் நம்பினாள். ஆனால் பிறிஜிற் வெளியே வரவில்லை. அவர் கதைக்கும்போது அவள் வெளியே வருவதில்லை. அதற்கென்று சட்டம் ஒன்றும் கிடையாது. கலியாணமான புதிதில் இரண்டு மூன்று முறை வந்து பார்த்து, பிறகு விட்டுவிட்டாள்.

அன்றிலிருந்து செலஸ்ரினாவின் செபமாலை வேறு மாதிரி உருண்டது. மாலையின் ஒவ்வொரு பத்து மணிகளுக்கும் ஒரு தண்டனையை ஒதுக்கி வைத்தாள். முதற் பத்துக்கு மருமகனுக்குச் சிரங்கு. அடுத்ததற்குப் பல்லுவலி. அதற்கடுத்ததற்குக் கம்பனி அடையாள அட்டை குடாவுக்குள் விழ வேண்டும். கடைசிப் பத்து வரும்போது அவளுக்கே பயமாக இருக்கும், ஆனாலும் விடமாட்டாள். ‘அவர் பேசத் தொடங்கும்போது மைக் பழுதாகட்டும், மாதாவே.’

மாதா மைக்கைப் பழுதாக்கவில்லை. அதைவிட நல்லதொன்றை வைத்திருந்தா.

அந்த ஆண்டுத் திருவிழாவுக்கு நாடகம் போடுவதென்று முடிவானது. ‘சுவிசேஷத்தில் பெண்களும் குடும்பமும்’ என்பது பங்குச் சுவாமி கொடுத்த தலைப்பு. எழுத்து, இயக்கம், தலைமைப் பாத்திரம் மூன்றும் றெஜினோல்ட் அவர்கள். தலைமைப் பாத்திரம், ஆண்டவரின் தலைமைச் சீடரான இராயப்பர். பெண்களைப் பற்றிய நாடகத்தில் இராயப்பர் எப்படித் தலைமைப் பாத்திரம் என்று கேட்க ஒருவரும் துணியவில்லை. கேட்பவர்களுக்கு வேசம் கிடைக்காது.

பெண் வேசங்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. சமாரியப் பெண்ணுக்கு ஐந்து புருசன் என்பதால் எந்தத் தாயும் தன் மகளைத் தரவில்லை. மதலேன் மரியாளுக்கு அதைவிடப் பெரிய தட்டுப்பாடு. மாதா வேசத்துக்கு இரண்டு குடும்பங்கள் கோயில் வாசலில் தலைமயிரைப் பிடித்ததால், மாதா மேடைக்கு வரவே மாட்டா, சொரூபத்தை வைத்து விளக்குப் போடுவது என்று தீர்ப்பாயிற்று. கடைசியில் மிஞ்சியது ஒரே ஒரு பெண்: இராயப்பரின் மாமி. காய்ச்சலில் கிடப்பா. ஆண்டவர் கையைப் பிடித்து எழுப்புவார். எழும்பின கையோடு எல்லாருக்கும் சாப்பாடு பரிமாறுவா.

“மாமி, அந்த வேசம் நீங்கள்தான்,” என்றார் றெஜினோல்ட் அவர்கள். “சொந்த மருமகன் இராயப்பர், சொந்த மாமி மாமி. கொழும்பில இருந்து வாற பெரிய சுவாமி பாத்தால் கண் கலங்கிப் போவார். வசனம் ஒண்டும் இல்லை. நீங்கள் முனகினால் காணும். முனகல் கேக்கிறதுக்குப் பாய்க்கு மேல ஒரு மைக் தொங்க விடுறன்.”

“பிறிஜிற்றுக்கு என்ன வேசம்?”

“அவவுக்கு வேசம் இல்லை. இராயப்பற்ற பெண்சாதி வேதத்தில இல்லை மாமி. அவ மேடைக்குப் பின்னால நிண்டு சாப்பாட்டைப் பாக்கட்டும்.”

உடுப்புத் தைக்கிற வேலை பக்கத்து வீட்டு ஸல்ஹாவுக்குப் போனது. ஸல்ஹாவின் தையல் மெசின் வேலி ஓரத்தில்தான் இருக்கும். அளவு கொடுக்கப் போன செலஸ்ரினா, எல்லாவற்றையும் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றே கொட்டித் தீர்த்தாள்.

ஸல்ஹா வாயிலிருந்த ஊசியை எடுத்தாள். “எங்கட ஆக்கள்லயும் வீடு மகளுக்குத்தான் அக்கா. ஆனா உம்மாவ வெளியில போடுற மருமகனப் பள்ளிவாசல்ல கூப்பிட்டுக் கேப்பாங்க. உங்கட கோயில்ல கேக்கிறதுக்கு ஆள் இல்லையா?”

“கேக்கிற ஆளே அவர்தான்.”

“அல்லாவே.” ஸல்ஹா இராயப்பரின் நீண்ட அங்கியை விரித்து, கைமடிப்பை ஊசியால் குத்தினாள். பிறகு தலையை நிமிர்த்தினாள். “இரிங்க அக்கா. எனக்கு விளங்கல்ல. இந்த இராயப்பருக்கு மாமி இரிக்கா. பெண்சாதி இல்ல. அப்ப மாமி எங்கிருந்து வந்த?”

செலஸ்ரினா பிறந்தது முதல் அந்த வாசகத்தை ஆண்டுதோறும் கேட்டு வருகிறவள். ஒரு நாளும் அது தோன்றியதில்லை. வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு வீடு. அதற்குள் ஒருத்தி காய்ச்சலில் கிடக்கிறாள். அவள் பெற்ற மகள் ஒருத்தி பக்கத்தில் இருந்திருப்பாள், நெற்றிக்கு ஈரத் துணி போட்டிருப்பாள். வந்த ஆம்பிளைகளின் பெயரெல்லாம் இருக்கிறது. அந்த மகளுக்கு ஒரு சொல்லும் இல்லை.

“ஸல்ஹா, அது நல்ல கேள்வி,” என்றாள்.

“கேட்டுப் பாருங்களன்.”

“கேப்பன்.”

ஒத்திகைகளில் செலஸ்ரினா ஆட்டுக்குட்டி மாதிரி இருந்தாள். கிட என்றால் கிடந்தாள். முனகு என்றால் முனகினாள். ஆண்டவர் வேசம் நிக்சனுக்கு. ஏசி திருத்துகிற பெடியன். சொந்தத் தாடி இருந்ததால் மட்டும் தெரிவு செய்யப்பட்டவன். இயேசுவுக்கு மொத்தம் நாலு வசனம். இராயப்பருக்குப் பக்கம் பக்கமாக. நிக்சன் ஒரு வசனத்தைச் சொல்லிவிட்டு, இராயப்பர் பேசி முடிக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்பான், கரண்ட் வரும்வரை காத்திருப்பதைப்போல.

“மாமி, எழும்பேக்க முகத்தில ஒரு சந்தோசம் வேணும்,” என்று இயக்குநர் கத்துவார். “மருமகனுக்குச் சாப்பாடு போடப் போறன் எண்ட சந்தோசம்.”

“ஓம் தம்பி,” என்பாள் செலஸ்ரினா.

அவளுடைய திட்டம் சின்னது. எழும்பக் கூடாது. கேள்வியைக் கேட்க வேண்டும். ஊருக்கு முன்னால் அந்த மனிதனின் முகம் ஒரு முறை வெளிற வேண்டும். மறுநாள் வான் வந்து ஏற்றிக்கொண்டு போகட்டும். அந்த முகத்தை நினைத்தே நிலாவெளியில் காலத்தைக் கழித்துவிடலாம் என்று நினைத்திருந்தாள்.

திருவிழா அன்று பின்னேரம் திட்டம் பெரிதானது.

இராயப்பர் என்றால் இடுப்பில் இரண்டு திறப்புத் தொங்க வேண்டும். மோட்ச வாசலின் சாவி, மோட்சத் திறப்பு. கோயிலில் அதற்கென்று இருந்த மரத் திறப்புகளை எடுக்கப் போனால் பெட்டிக்குள் கறையான் புற்றுத்தான் இருந்தது. றெஜினோல்ட் அவர்கள் தடுமாறுகிறவர் அல்லர். நேரே வீட்டுக்கு வந்து, ஆணியில் தொங்கிய முன்கதவுத் திறப்பையும் பின்கதவுத் திறப்பையும் எடுத்தார். பழைய காலத்து இரும்புத் திறப்புகள். ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளம். அவற்றைப்போல இன்னொன்று செய்து தர ஊரில் ஆள் இல்லை. முற்றத்தில் கடதாசி விரித்து, தங்க நிற ஸ்பிறே அடித்தார்.

“பாத்தியளோ மாமி? வீட்டுத் திறப்பு மோட்சத் திறப்பாப் போச்சு!”

“வடிவாயிருக்கு தம்பி,” என்றாள் செலஸ்ரினா. அவளுடைய முகத்தில் ஒத்திகை முழுவதும் வராத அந்தச் சந்தோசம் அப்போது வந்தது. இயக்குநர் கவனிக்கவில்லை.

புறப்படும்போது விறாந்தையில் அவளுடைய உடுப்புப் பை கட்டித் தயாராக இருந்தது. காலையில் வான் வரும்போது நேரம் போகக் கூடாதாம். அவரே கட்டியிருந்தார். அவளுடைய மாதா படத்தைக் கீழே போட்டு, அதற்கு மேல் செருப்பை வைத்திருந்தார். செலஸ்ரினா குனிந்து பார்த்தாள். இரண்டையும் இடம் மாற்றி வைக்கவில்லை. அப்படியே இருக்கட்டும் என்று விட்டாள். அன்றைக்கு அவளுக்குக் கோபம் குறையக் கூடாது.

அந்தக் கிழமை முன் அறைக்கு வெள்ளைக்காரர் ஒருவரும் வரவில்லை. இராயப்பர் வேசத்துக்காகக் கம்பனி அட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டி, இரண்டு கதவையும் பூட்டி, திறப்புகளை இடுப்பில் குறுக்காகத் தொங்கவிட்டுக்கொண்டு நடந்தார்.

கடற்கரை ஓரமாக மேடை. சனம் நிறைந்திருந்தது. முன் வரிசையில் பங்குச் சுவாமி, கொழும்பிலிருந்து வந்த பெரிய சுவாமி. ஸல்ஹாவும் தன் தையலைப் பார்க்க வந்து ஓரத்தில் நின்றாள். வழக்கம்போல நடிகர்கள் முழங்காலில் நின்று ஆசீர்வாதம் வாங்கினார்கள். இந்தக் கோயிலில் அது முக்கியம்: ஆசீர்வாதம் வாங்கிப் புனிதரின் உடுப்பைப் போட்டவர் மேடையில் பொய் சொன்னால் கடல் அந்த ஆண்டு மீன் தராது என்று சனத்துக்கு நம்பிக்கை. அதனால்தான் யூதாஸ் வேசத்துக்கு எப்போதும் வெளியூர்க்காரனைப் பிடிப்பார்கள்.

வலை இழுத்தது, புயல் வந்தது, இராயப்பர் பேசியது, மறுபடி பேசியது எல்லாம் முடிந்து, காட்சி இராயப்பரின் வீட்டுக்கு வந்தது. செலஸ்ரினா பாயில் கிடந்தாள். தலைக்கு மேல் மைக். நிக்சன் வந்து அவள் கையைப் பிடித்தான்.

“எழுந்திரும்.”

அவள் எழும்பவில்லை.

நிக்சன் இன்னொரு முறை சொன்னான். இராயப்பர் குனிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, “மாமி, எழும்புங்கோ,” என்றார். முனகலுக்காகத் தொங்கவிட்ட மைக் அதையும் ஊருக்குச் சொன்னது. சனம் சிரித்தது.

செலஸ்ரினா கண்ணைத் திறந்தாள். “எழும்புறன் ஆண்டவரே. காய்ச்சல் விட்டிட்டுது. ஒரு கேள்வி மட்டும் மிச்சம் கிடக்கு. இந்த வீட்டில எனக்கு மருமகன் இருக்கிறார். என்ர மகள் எங்க?”

நிக்சன் இராயப்பரைப் பார்த்தான்.

“பெண்சாதி இல்லாமல் மாமி எங்கயிருந்து வந்தவ ஆண்டவரே? நான் என்ன வானத்தால விழுந்தனானோ?”

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு கைதட்டல் எழுந்தது. முதலில் ஒன்று, பிறகு மழை மாதிரி. பெரிய சுவாமி பங்குச் சுவாமியின் காதில் ஏதோ சொல்லித் தலையாட்டினார். நிக்சன் கூட்டத்தைப் பார்த்தான், சுவாமிமாரைப் பார்த்தான். இத்தனை நாளும் நாலு வசனத்தோடு நின்ற பெடியன் திடீரென்று தான் யார் என்பதை உணர்ந்தான்.

“இராயப்பு, அவவைக் கூப்பிடு,” என்றான்.

இராயப்பர் கூப்பிடத்தான் வேண்டியிருந்தது. மேடைக்குப் பின்னாலிருந்து பிறிஜிற் வந்தாள். கையில் அகப்பை, முகமெல்லாம் வியர்வை. விளக்கு வெளிச்சத்தில் கண் கூசி நின்றாள். செலஸ்ரினா பாயில் ஒதுங்கி, பக்கத்தில் இடம் காட்டினாள். பிறிஜிற் அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தாள்.

“இன்னுமொண்டு ஆண்டவரே,” என்றாள் செலஸ்ரினா. “இந்த வீடு ஆற்ற? ஆருக்குச் சொந்தம்? காலமையில என்னை ஆரோ எங்கயோ ஏத்தப் போறதா ஒரு கதை. அதான் காய்ச்சல்.”

“இராயப்பு,” என்றான் நிக்சன், இப்போது குரலில் நல்ல பிடிப்போடு, “இந்த வீடு ஆற்ற?”

றெஜினோல்ட் அவர்கள் அந்த இடத்தில் பேசாமல் நின்றிருந்தால் தப்பியிருப்பார். ஆனால் முன்னால் பெரிய சுவாமி. பக்கத்தில் மைக். சனம் வாயைப் பிளந்து காத்திருந்தது. தன் மாமி தன்னை உயர்த்திக் காட்டத்தான் இவ்வளவும் செய்கிறாள் என்று அவருக்குப் பட்டது. எல்லாரும் எல்லாமும் அதற்காகத்தான் என்பது அவருடைய நெடுநாள் எண்ணம். அங்கியை ஒதுக்கி, ஒரு முழங்காலில் நின்றார்.

“ஆண்டவரே! இது என் மாமியின் வீடு! ஓட்டைக் குடிசையில் பிறந்த எனக்கு வாசல் திறந்த வீடு! என் மாமி உயிரோடு இருக்கும்வரை இந்த வீட்டை விட்டு எங்கும் போகமாட்டார்! அவரை அனுப்ப நினைக்கிறவன் எவனோ, அவனே வெளியில் நிற்கட்டும்! இது இராயப்பன் வாக்கு!”

கைதட்டல் குடாவின் அந்தக் கரைக்கே கேட்டிருக்கும். பெரிய சுவாமி எழும்பி நின்று தட்டினார்.

“அப்ப திறப்பைத் தாங்கோ தம்பி,” என்றாள் செலஸ்ரினா.

கைதட்டலில் குளித்துக்கொண்டிருந்த இராயப்பர், இடுப்பிலிருந்த இரண்டு திறப்புகளையும் அவிழ்த்து, தலைக்கு மேலே தூக்கிக் காட்டி, அவள் மடியில் வைத்து, கண்ணை மூடித் தலை வணங்கினார். படம் எடுக்கிறவனுக்காகக் கொஞ்சம் கூடுதலாகவே வணங்கியபடி இருந்தார்.

செலஸ்ரினா எழும்பினாள். முகத்தில் சந்தோசம் இருந்தது. மகளும் தாயுமாக எல்லாருக்கும் பரிமாறினார்கள். ஆண்டவருக்குச் சோறும் பாரை மீன் குழம்பும். பிறகு சீடர்கள் பெலவேந்திரருக்கு, யாகப்பருக்கு, யோவானுக்கு. இராயப்பர் கோப்பையை நீட்டியபோது செலஸ்ரினா அவருடைய நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

“உங்களுக்குக் காய்ச்சல் வாற மாதிரிக் கிடக்கு தம்பி. இண்டைக்கு வெறும் வயிறு நல்லது,” என்று மைக்குக்குக் கீழே சொல்லிவிட்டுக் கடந்து போனாள்.

பிறகு மாலை, பொன்னாடை, படம். பெரிய சுவாமி மைக் பிடித்து, “இப்படியொரு மருமகன் எல்லாப் பங்கிலும் இருக்க வேண்டும், இவர் இன்று சொன்னதை நான் எல்லா இடமும் சொல்வேன்” என்றார். பங்குச் சுவாமி அப்போதே இல்லத்துக்குப் போன் போட்டு, நாளைக்கு வான் அனுப்ப வேண்டாம், மருமகன் விடமாட்டன் எண்டு நிக்கிறார் என்று சொல்லிவிட்டார். றெஜினோல்ட் அவர்கள் சிரித்தபடியே நின்றார். சிரிப்பு மெல்ல மெல்ல முகத்தில் காய்ந்தது. மாமியைத் தேடினார். பெண்சாதியைத் தேடினார். இருவரையும் காணவில்லை.

வீட்டுக்கு வந்தபோது படலைக்கு வெளியே ஒரு சூட்கேஸ் நின்றது, ஒரு சில்லு இல்லாமல் ஒரு பக்கம் சரிந்து. கம்பனி அடையாள அட்டை அதன் கைப்பிடியில் தொங்கியது. உள்ளே விளக்கு எரிந்தது. முன் அறை யன்னல் திறந்திருந்தது. பாடசாலை விட்ட மாதிரித் திருவிழாச் சனம் ஒழுங்கையால் போய்க்கொண்டிருந்தது.

“பிறிஜிற்! கதவைத் திற!”

யன்னலில் செலஸ்ரினா தெரிந்தாள். “ஆரது?”

“நான்தான் மாமி. உங்கட மருமகன்.”

“எனக்கு அப்பிடி ஒரு ஆளைத் தெரியாதே.”

“பகிடி விடாதேங்கோ மாமி, சனம் பாக்குது. அது நாடகம்.”

“ஆசீர்வாதம் வாங்கின உடுப்போட நிண்டு சொன்னது நாடகமோ? கடல்காரர் கேட்டால் கொல்லுவாங்கள்.”

போய்க்கொண்டிருந்த கடல்காரர் இருவர் நின்று திரும்பிப் பார்த்தார்கள். றெஜினோல்ட் அவர்கள் குரலைத் தாழ்த்தினார். வேலிக்கு அந்தப் பக்கம் ஸல்ஹா வந்து எட்டிப் பார்த்தாள்.

“அக்கா, இந்த ஆளோட நீங்களும் மேடையில இருந்தீங்கதானே? நான் கண்டனே.”

“இல்லை ஸல்ஹா,” என்றாள் செலஸ்ரினா, சுவிசேஷத்தையே வாசிக்கிற குரலில். “அந்த மனிசன் ஆரெண்டு எனக்குத் தெரியாது.”

“பிறிஜிற்!” இராயப்பரின் தாடி ஒரு பக்கம் கழன்று ஆடியது. “நீ சொல்லு. நான் ஆர்?”

யன்னலில் அம்மாவுக்குப் பக்கத்தில் பிறிஜிற் வந்து நின்றாள். அவர் கதைக்கும்போது அவள் வெளியே வந்தது அன்றைக்கு இரண்டாவது முறை. அவள் அவரை மேலும் கீழுமாகப் பார்த்தாள்.

“எனக்கெப்பிடித் தெரியும்?” என்றாள். “நான்தான் வேதத்திலயே இல்லையே.”

யன்னல் சாத்தப்பட்டது. உள்ளே தங்க நிறத் திறப்பு ஒரு முறை திரும்புகிற சத்தம் கேட்டது.

வேதத்தில், ஆண்டவரைத் தெரியாதென்று இராயப்பர் மூன்றாம் முறை மறுத்ததும் சேவல் கூவும், அவர் மனம் கசந்து அழுவார். இங்கேயும் சேவல் கூவ வேண்டிய இடம் இது. ஆனால் ஸல்ஹா வீட்டுச் சேவல் ஹஜ்ஜுப் பெருநாளோடு கறிச்சட்டிக்குப் போய்விட்டது. றெஜினோல்ட் அவர்கள் சூட்கேசின் மேல் இருந்து தாடியைப் பிய்க்கத் தொடங்கினார். மனம் கசந்து அழுதாரா என்று கேட்டால், தாடியை ஒட்ட நிக்சன் வாங்கி வந்தது நல்ல பசை. கண்ணீர் வந்தது உண்மை.